இரண்டு புரொப்பெல்லர், ஒரே சுருதி

கேள்வி: இரண்டு புரொப்பெல்லர் உள்ள விமானம் எங்கள் மலைக்கு மேலே போகும்போது சத்தம் வூம்… வூம்… என்று ஏறி இறங்குகிறது. சத்திரத்தில் வந்திறங்கிய சின்ன விமானத்தில் அப்படி இல்லையே, ஏன்?
– வாசகர், வண்டிப்பெரியாறு

பதில்: சத்திரம் என்.சி.சி. ஓடுதளத்தில் 2022 டிசம்பர் 1 அன்று இறங்கிய வைரஸ் எஸ்.டபிள்யூ. 80 விமானத்துக்கு ஒரே என்ஜின், ஒரே புரொப்பெல்லர். ஒத்துப்போக இன்னொன்று கிடையாது.

இரண்டு இருந்தால்தான் சிக்கல். சுருதி மயிரிழை விலகிய தம்புராத் தந்திகளைப் போல ஒலி அலையடிக்கும். இரட்டைப் புரொப்பெல்லர் விமானமான ஏ.டி.ஆர். 72-600ஐ எடுத்துக்கொள்ளுங்கள். புரொப்பெல்லருக்கு ஆறு பிளேடு. உயரே சீராகப் பறக்கையில் நிமிடத்துக்குச் சுமார் 984 சுற்று. மற்றது 974 சுற்றினால் நிமிடத்துக்கு அறுபது பிளேடு வித்தியாசம். நொடிக்கு ஒரு 'வூம்'! உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு அது பெரும் தொல்லை, அதிர்வும் சேர்ந்துகொள்ளும்.

ஒவ்வொரு புரொப்பெல்லருக்கும் கவர்னர் என்ற வேகக் கட்டுப்பாட்டுக் கருவி உண்டு. சுற்று கூடினால் பிளேடைத் திருப்பி அதிகக் காற்றை வெட்ட வைக்கும். சுமை ஏறி வேகம் தணியும். குறைந்தால் நேர்மாறு. இரண்டு வேகங்களையும் சமமாக்குவது சிங்க்ரனைசர். அதற்கும் மேலே, ஒரு பக்கத்துப் பிளேடு எந்தக் கோணத்தில் இருக்கும்போது மறுபக்கத்துப் பிளேடு எங்கே இருக்க வேண்டும் என்றுகூடப் பார்த்துக்கொள்வது சிங்க்ரோஃபேசர். நவீன விமானங்களில் இது மின்னணு வேலை.

எனக்கு மிகவும் பிடித்தது இந்த ஒத்திசைவு அமைப்பின் அடக்கம். சுற்று வேகத்தைச் சிறு எல்லைக்குள் மட்டுமே அது திருத்தும். இல்லையென்றால், ஒரு என்ஜின் பழுதாகி வேகம் இழக்கும்போது, நல்ல என்ஜினையும் தன்னோடு கீழே இழுத்துவிடும்.