கட்டற்ற மென்பொருள்: கடலூர்க்காரர்கள் எங்கே தொடங்கலாம்?

கட்டற்ற மென்பொருளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் கேட்டால், முதலில் நிரல் எழுதப் பழகு என்றுதான் பலரும் சொல்வார்கள். நான் வேறு கேள்வியிலிருந்து தொடங்குவேன்: உங்களை விட்டால் செய்ய ஆளில்லாத வேலை எது? கடலூர் மாவட்டத்தில் அது பெரும்பாலும் கட்டற்ற வரைபட வேலை.

2004-ல் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் என்று ஆறுகள் வந்து கடலில் சேரும் பகுதி நம்முடையது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தது, 2015-ல் பெருவெள்ளம். அந்த மாதிரி நாட்களில் உதவிக்கு வருகிற வெளியூர்க்காரர்களுக்கு எந்தத் தெருவில் வண்டி நுழையும், எந்த வாய்க்காலுக்குப் பாலம் உண்டு என்று தெரிந்தாக வேண்டும். செயற்கைக்கோள் படத்தை வைத்து ஜெர்மனியில் இருப்பவர்கூட வீட்டுக் கூரைகளை வரைந்துவிடுவார். மழை பெய்தால் முதுநகரில் எந்தச் சந்து முதலில் மூழ்கும், அதைச் சுற்றிப் போக எது வழி என்பது அங்கே குடியிருப்பவருக்குத்தான் தெரியும்.

ஆண்ட்ராய்டு கைப்பேசி மட்டும் இருந்தால் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலி போதும். நீங்கள் நடந்து போகும்போது, சாலை மண்ணா தாரா, பெயர் என்ன என்று அது கேட்கும். வாய்க்கால், சிறுபாலம் வரையக் கணினி வசதி. கூகுள் மேப்பைப் பார்த்துப் பெயர்களை எடுத்தெழுதக் கூடாது, உரிமம் அதற்கு இடம் தராது. தெருப் பலகையை நேரில் பாருங்கள். தமிழ்ப் பெயருக்குத் தனி இடம் உண்டு. திருப்பாதிரிப்புலியூரை நாம் திருப்பாப்புலியூர் என்கிறோமே, அதையும் மாற்றுப் பெயராகச் சேர்க்கலாம்.

நிரல்தான் எழுதுவேன் என்பவருக்கு முத்து அண்ணாமலை தொடங்கிய ஓபன்-தமிழ் என்ற பைத்தான் நிரல் தொகுப்பு நல்ல இடம். 'சிதம்பரம்' எத்தனை எழுத்து என்று பைத்தானிடம் கேட்டால் 9 என்னும்; யூனிகோடில் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். ஓபன்-தமிழ் அதை 6 என்று சரியாகப் பிரிக்கும். தமிழ் எழுத்துமுறை நன்கு தெரிந்து, பைத்தான் ஓரளவே தெரிந்தவருக்கும் இங்கே வேலை இருக்கிறது: சோதனை நிரல் எழுதுவது, விளக்கக் குறிப்பைத் திருத்துவது. ஒரு புல் ரிக்வெஸ்டில் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கையில்) ஒரே ஒரு மாற்றம் அனுப்புங்கள், பார்ப்பவருக்குச் சுலபம்.

பயர்பாக்ஸை மொழிபெயர்க்க மொசில்லாவின் பொன்டூன் தளம் இருக்கிறது. தொடங்க எளிது, ஆனால் ஏற்கெனவே புழங்கும் கலைச்சொற்களைப் படிக்காமல் இறங்கினால் ஒரே பொத்தானுக்கு மூன்று பெயர் வந்துவிடும். பொறுமைசாலிகளுக்கு மட்டும் இதைச் சொல்வேன்.

நேரமே இல்லையா? குரல் பதிவுகளைத் திரட்டும் மொசில்லாவின் காமன் வாய்ஸ் தளத்தில் சில வாக்கியங்களை வாசித்துக் கொடுங்கள். நம் கடற்கரைப் பேச்சின் ஒலி அதில் சேருவது மிகவும் தேவை. ஒன்று மட்டும் கவனம்: பொதுவில் வெளியான பதிவை எல்லாரிடமிருந்தும் திரும்பப் பெற முடியாது.

தனியாகத் திணறினால் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு பக்கத்து மாவட்டத்திலேயே இயங்குகிறது. சிதம்பரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் நேர் ரயில் உண்டு. போகும்போது பாதியில் நிற்கும் உங்கள் வேலையையும் மடிக்கணினியில் எடுத்துச் செல்லுங்கள்.