கட்டடம் எழுந்தது, ஆசிரியர் எங்கே?

1965ஆம் ஆண்டு தீபகற்ப மலேசியாவில் இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டது. அதுவரை ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்திப் பால்மரக் காட்டுக்குச் சென்ற தோட்டப் பிள்ளைகள் பலர், புகுமுக வகுப்பின் வழியே படிவம் மூன்றுவரை பயிலும் வாய்ப்பைப் பெற்றனர். கட்டடத்தை விரைவாக எழுப்பிவிடலாம். ஆசிரியரை அப்படி உருவாக்க முடியுமா? பட்டதாரிகள் அன்று மிகச் சிலரே. ஆகவே, வட்டாரப் பயிற்சி மையங்களில் சேர்ந்த இளைஞர்கள் வார நாள்களில் பள்ளியில் கற்பித்தனர்; வார இறுதியிலும் விடுமுறையிலும் தாமே மாணவராக அமர்ந்தனர். சற்று விந்தையான ஏற்பாடுதான்!

தமிழாசிரியரைப் பெறுவதோ பெற்றோர் கையில் இருந்தது. 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, தேசிய இடைநிலைப்பள்ளியில் தாய்மொழி வகுப்பு நடைபெற 15 மாணவர்களின் பெற்றோர் கேட்க வேண்டியிருந்தது. கோலா சுங்கை பாரு போன்ற சிற்றூர்களில் அந்த எண்ணிக்கை சிறிதன்று. 14 பேர் மட்டும் இருந்தால், வகுப்பைக் கோரும் உரிமை அன்று இல்லை.