மூன்று வயதின் வேலை

அன்புக் கண்ணுக்கு,

பெரியப்பா எழுதுவது. வருகிற ஜூனில் குழந்தைக்கு மூன்று வயது முடிந்திருக்கும், எங்கே சேர்ப்பது என்பதுதான் இப்போது வீட்டில் ஓயாத பேச்சு என்கிறாய். தறிச் சத்தத்துக்கு நடுவே போனில் சொன்னால் பாதிதான் காதில் விழும் என்பதால் எழுதியே அனுப்புகிறேன். உன் முன்னால் மூன்று வழி இருக்கிறது. சேலம் பக்கமோ ராசிபுரம் பக்கமோ இருக்கும் பெரிய பள்ளியின் வேன் வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும். ஆட்டையாம்பட்டிக்குள்ளேயே சுவரெல்லாம் பொம்மை வரைந்த பிளே ஸ்கூல் இருக்கிறது. அடுத்த தெருவில் பால்வாடி இருக்கிறது. இதில் எது நல்லது என்று பள்ளியின் பெயரை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஓர் அளவுகோலை மட்டும் கையில் தருகிறேன்: மூன்று வயதின் வேலையை மூன்று வயதில் செய்யவிடுகிற இடம் எதுவோ, அதுவே குழந்தைக்கு நல்ல பள்ளி. ஆறு வயதின் வேலையை மூன்று வயதில் வாங்கிக் காட்டுகிற இடம், கட்டடம் எத்தனை மாடி உயர்ந்தாலும், நல்ல பள்ளி ஆகாது.

அடுத்த வகுப்பை முன்கூட்டியே நடத்துவது என்ன செய்யும் என்பதை நம் வட்டாரத்துக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு விடுதிப் பள்ளிகள் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்காகவே மாநிலம் முழுவதிலிருந்தும் பிள்ளைகளை இழுத்த காலம் ஒன்று இருந்தது. தமிழ்நாட்டில் பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஒப்புக்குத் தொட்டுவிட்டு, பிளஸ் டூ பாடத்தையே இரண்டு ஆண்டு உருவேற்றின. மதிப்பெண் கொட்டியது. ஆனால் ஏறக்குறைய பாதிக் கேள்வி பிளஸ் ஒன் பாடத்திலிருந்து வரும் நுழைவுத் தேர்வுகளில் அதே பிள்ளைகள் திணறினார்கள். கடைசியில் 2017-18 கல்வியாண்டில் அரசே தலையிட்டு பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தது. அதே 2017இல் மாநில அளவில் ரேங்க் அறிவிப்பதும் நின்றது. பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025இல் வந்த மாநிலக் கல்விக் கொள்கையோடு கைவிடப்பட்டது வேறு கதை. ஒரு படியைத் தாண்டி ஏறினால் அந்தப் படி பின்னால் எங்காவது காலை வாரும் என்பதுதான் இதில் நமக்குப் பாடம். மேலே நடந்த அதே தவறு இன்று கீழே இறங்கி வந்திருக்கிறது. ஒன்றாம் வகுப்பின் வேலையை யு.கே.ஜி.யிலும், யு.கே.ஜி.யின் வேலையை எல்.கே.ஜி.யிலும் வாங்குகிறார்கள். பிரீ கேஜி குழந்தைக்கு நான்கு கோடு நோட்டு வாங்கிவரச் சொல்கிறார்கள்.

மூன்று வயதின் வேலை எது என்பதை உடம்பே சொல்லிவிடும். முன்பெல்லாம் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது, வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். பிறந்த தேதி தெரியாத காலத்துச் சோதனை அது. கை எட்டினால் பள்ளி. எட்டாவிட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாம். மூன்று வயதில் எந்தக் குழந்தைக்கும் எட்டாது. இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது. வளர்ந்தவர்களின் மணிக்கட்டில் எட்டு எலும்புகள் இருக்கும். மூன்று வயதில் அவற்றில் இரண்டோ மூன்றோதான் எலும்பாக இறுகியிருக்கும், மற்றதெல்லாம் குருத்து. கை முறுக்குக்குப் பேர்போன ஊரில் விரலைப் பற்றி விளக்கம் எதற்கு? மாவு பதத்துக்கு வராமல் சுற்றினால் இழை அறுந்துபோகும். மண் அள்ளி, மாவு பிசைந்து, காகிதம் கிழித்து, படியேறிக் குதித்துப் பதமான கைதான் நாளைக்குப் பென்சிலைச் சரியாகப் பிடிக்கும். ஆகவே விளையாட்டு எழுத்துக்கு எதிரி ஆகாது, அதற்கான பதமே அங்கேதான் வருகிறது. 2022இல் வெளியான தேசிய அடிப்படைநிலைக் கலைத்திட்டமும் மூன்று முதல் ஆறு வயது வரை பாடநூலே விதிக்கக் கூடாது என்கிறது.

“விளையாடத்தான் வீடு இருக்கிறதே, பிறகு பள்ளி எதற்கு?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு அமெரிக்காவில் கிடைத்த இரண்டு சான்றுகளைச் சேர்த்துப் பார். மிச்சிகன் மாநிலத்து இப்சிலாந்தி ஊரில் 1962 முதல் 1967 வரை பெர்ரி பாலர் பள்ளி என்று ஒன்று நடந்தது. ஏழைக் கறுப்பினக் குழந்தைகள் 123 பேரை இரண்டாகப் பிரித்து, 58 பேரை மட்டும் சேர்த்தார்கள். தினமும் காலையில் இரண்டரை மணி நேரம். இன்று என்ன செய்யப்போகிறோம் என்று குழந்தையே சொல்லும், செய்யும், பிறகு அதைப் பற்றிப் பேசும். ஆசிரியை வாரம் ஒருமுறை வீட்டுக்கே வந்து தாயோடு உட்காருவார். அறிவுச் சோதனையில் முதலில் கிடைத்த முன்னிலை சில ஆண்டுகளில் கரைந்துபோனது. ஆனால் நாற்பது வயதில் பார்த்தபோது, போகாதவர்களைவிடப் போனவர்கள் கூடுதலாகச் சம்பாதித்தார்கள், போலீசில் சிக்கியது குறைவு. இனி இரண்டாவது. டென்னசி மாநில அரசு நடத்திய பாலர் வகுப்புகளைப் பற்றி 2,990 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2022இல் வந்தது. சேர்ந்த குழந்தைகள் தொடக்கத்தில் எழுத்திலும் எண்ணிலும் முந்தினார்கள். ஆறாம் வகுப்பில் பார்த்தால் இடம் கிடைக்காமல் போனவர்களைவிட மதிப்பெண்ணிலும் நடத்தையிலும் பின்தங்கியிருந்தார்கள். காரணம் பற்றி வாதம் இன்னும் நடக்கிறது. ஆசிரியரே பேச, குழந்தைகள் மொத்தமாக உட்கார்ந்து கேட்கும் நேரம் மிகுந்துபோனதை ஆய்வு செய்தவர்களே சுட்டிக்காட்டுகிறார்கள். பெர்ரி சின்ன ஆய்வு, வேறு நாடு, வேறு காலம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால் அதன் எண்களைப் பிடித்துத் தொங்க வேண்டாம். ‘பள்ளிக்குப் போனாள்’ என்பதால் மட்டும் நன்மை வந்துவிடாது, அங்கே என்ன நடக்கிறது என்பதே கணக்கு. அந்த அளவுக்கு எடுத்துக்கொண்டால் போதும்.

இதே அளவுகோலால் தூரத்தையும் அள. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. மூன்று, நான்கு வயதில் ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம், குறைந்தது மூன்று மணி நேர ஓட்டம் ஆட்டம், ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிப்போட்டதுபோல் உட்காரவைக்கக் கூடாது என்கிறது அது. காலை ஏழரைக்கு வேன் ஏறி, ஊர் ஊராக நின்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒன்பது மணிக்குப் பள்ளி சேரும் குழந்தையின் நாளை இதன் பக்கத்தில் வைத்துப் பார். தூக்கமும் போச்சு, ஓட்டமும் போச்சு. உட்காருவது மட்டும் மிச்சம். வேன் என்றால் ஆபத்தும் கூடவே வருகிறது. 2012 ஜூலையில் சென்னைப் புறநகரில் பள்ளிப் பேருந்தின் தளத்து ஓட்டை வழியாக விழுந்து ஏழு வயதுச் சிறுமி இறந்த பிறகுதான் பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகளையே தமிழ்நாடு வகுத்தது. விதி வந்ததால் வண்டிகள் மேம்பட்டிருக்கலாம், தூரம் குறைந்துவிடாது. நடந்து கூட்டிப்போகும் தொலைவில் இருக்கும் சுமாரான பள்ளிக்கும் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் சிறந்த பள்ளிக்கும் நடுவே தேர்ந்தெடுக்கச் சொன்னால், இந்த வயதுக்குப் பக்கத்துப் பள்ளியே என்பேன். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பத்து நிமிஷத்தில் நீ அங்கே நிற்கலாம். வழியில் பார்த்த ஆட்டுக்குட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டே நடப்பதும் ஒரு பாடம்தான்.

இங்கிலீஷ் கவலை உன் வீட்டுக்காரருக்கு உண்டு என்று தெரியும். அதைக் கேலி செய்ய மாட்டேன்; வேலைச் சந்தையில் இங்கிலீஷின் விலை அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் பிரீ கேஜி வகுப்பில் உண்மையில் புழங்கும் இங்கிலீஷ் எது என்று கவனி. சிட் டவுன், கீப் கொயட், கம், கோ, ஃபினிஷ் யுவர் ஸ்நாக்ஸ். எல்லாம் கட்டளை. “நிலா ஏன் நம்ம கூடவே வருது?” என்று கேட்க நினைக்கும் குழந்தைக்கு அந்த மொழியில் வாய் இல்லை, பதில் சொல்ல மிஸ்ஸுக்கும் பல இடங்களில் அந்த மொழி போதாது. அப்போது கேள்வியே நின்றுபோகும். பேசிப் பழகிய மொழியில் கதை கேட்டு, கதை சொல்லி, சண்டை போட்டு, சமாதானம் ஆகி வளர்ந்த பேச்சின் மேல்தான் இரண்டாவது மொழி உட்காரும். ஐந்து, ஆறு வயதில் நல்ல ஆசிரியரிடம் தொடங்கினால் இங்கிலீஷ் எங்கேயும் ஓடிப்போகாது. நான்கு ரைம்ஸ் ஒப்பிப்பதை இங்கிலீஷ் வந்துவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

“எல்.கே.ஜி.யில் சேர்க்காவிட்டால் பின்னால் அங்கே இடம் கிடைக்காது” என்பது அடுத்த பயம். இதில் பாதி உண்மை இருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் ஒதுக்க வேண்டிய 25 சதவீத இலவச இடம் நுழைவு வகுப்பில்தான். நுழைவு வகுப்பு எல்.கே.ஜி. என்றால் அந்த வாய்ப்பும் அங்கேதான். ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் இருந்தாலோ, சட்டம் சொல்லும் பிற பிரிவுகளில் வந்தாலோ, அறிவிப்பு வரும்போது தவறாமல் விண்ணப்பம் போடு. ஆனால் அந்தச் சேர்க்கையிலும் பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் வீட்டுக்கே முன்னுரிமை என்பதைக் கவனி. சட்டம்கூடத் தூரத்தைத்தான் முதலில் அளக்கிறது. கட்டணம் கட்டிச் சேர்க்கிறவர்களுக்கு வழி இன்னும் அகலம். ஆண்டுதோறும் ஊர்மாறும் குடும்பங்களால் ஒன்றாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் இடம் திறந்துகொண்டேதான் இருக்கும். கிடைக்குமோ கிடைக்காதோ என்னும் ஓர் இடத்துக்காக நிச்சயமாகக் கிடைத்திருக்கும் மூன்று ஆண்டுகளை அடகு வைப்பது நல்ல வியாபாரம் இல்லை.

பால்வாடி என்றதும் உன் மாமியார் முகம் சுளித்தார் என்றாய். 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் பிள்ளை அது. தமிழ்நாட்டில் இன்று 54,000க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. எடை பார்ப்பார்கள், முட்டை உண்டு, மதியச் சோறு உண்டு, சாப்பிட்டதும் பாய் விரித்துத் தூங்கவைப்பார்கள். ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்ற பெயரிலேயே அதற்குக் கலைத்திட்டம் இருக்கிறது. காகிதத்தில் பார்த்தால், நான் சொல்லும் மூன்று வயதின் வேலை முழுக்க அங்கேதான் எழுதியிருக்கிறது. குறையை மறைக்கவும் மாட்டேன். ஒரே பணியாளர் பதிவேடு எழுத வேண்டும், செல்போனில் விவரம் ஏற்ற வேண்டும், தடுப்பூசி நாளைக் கவனிக்க வேண்டும், கர்ப்பிணிகளைப் பார்க்க வேண்டும். பாட்டுக்கும் கதைக்கும் நேரம் சுருங்குகிறது. 2019இல் அரசு நடுநிலைப் பள்ளிகளை ஒட்டிய 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். 2022இல் அதை நிறுத்தப்போவதாகப் பேச்சு வந்து, எதிர்ப்புக் கிளம்பிய பிறகே தனி ஆசிரியர்களைப் போட்டுத் தொடர்ந்தார்கள். ஆகவே பால்வாடி என்பதாலேயே நல்லது என்றும் சொல்ல மாட்டேன், பால்வாடி என்பதாலேயே தள்ளவும் விடமாட்டேன். ஆயாவும் டீச்சரும் நல்லவர்களாக வாய்த்த பால்வாடி, தோட்டமும் ஏசியும் உள்ள பல பிளே ஸ்கூல்களைவிட மேல். அப்படி வாய்க்கவில்லை என்றால் ஊருக்குள் இருக்கும் பிளே ஸ்கூலைப் பார். காலை முழுக்கத் தறியில் நிற்கும் வீட்டுக்குப் பாதி நாள் பள்ளி கட்டுப்படியாகாது என்பதும் சரிதான். வேனுக்குக் கட்டும் பணத்தைப் பக்கத்திலேயே மாலைவரை பார்த்துக்கொள்ளும் இடத்துக்குக் கொடுத்தால் குழந்தை அங்கேயே தூங்கி எழும்.

சேர்க்கை நாளிலும் ஆண்டு விழாவிலும் எந்தப் பள்ளியும் அழகுதான். சாதாரண நாள் ஒன்றில், காலை பதினொரு மணிக்குப் போ. உள்ளே வரக் கூடாது, கேட்டிலேயே பேசுங்கள் என்றால் அங்கேயே திரும்பிவிடலாம். ஒரு பெரியவருக்கு எத்தனை குழந்தைகள் என்று நீயே எண்ணு. டீச்சர் நின்றுகொண்டு பேசுகிறாரா, குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து பேசுகிறாரா என்று பார். அழுகிற குழந்தையை யார் தூக்குகிறார்கள், கழிப்பறைக்கு யார் கூட்டிப்போகிறார்கள், இதே டீச்சர் இங்கே எத்தனை வருஷமாக இருக்கிறார் என்று கேள். கட்டடத்தை இரண்டு கண்ணாலும் பார். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் சமையல் கொட்டகையில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைப் பறித்ததற்கு, வெளியேற வழி போதாமையும் ஒரு காரணம். சிறுபிள்ளைகள் தரைத்தளத்தில்தான் இருக்க வேண்டும். வெளியே போக இரண்டு வழி இருக்க வேண்டும். அடுப்பு வகுப்பிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். இவை சரியாக இருந்து, குழந்தைகளின் கையில் மண்ணோ மாவோ கலரோ ஒட்டியிருந்தால், விளம்பரப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காதே.

பக்கத்து வீட்டுக் குழந்தை நூறு வரை சொல்கிறதே என்று நாளைக்கு யாராவது கேட்பார்கள். பின்லாந்தில் ஏழு வயதில்தான் பள்ளியே தொடங்குகிறது. அந்த நாட்டுப் பிள்ளைகள் யாருக்கும் குறைந்துபோய்விடவில்லை. அத்தனை தூரம் போய்ப் பதில் தேட வேண்டாம் என்றால், நம் சட்டத்தையே சொல்லிவிடு. ஒன்றாம் வகுப்பில் சேரக் குழந்தைக்கு உரிய வயது நிரம்பினால் போதும், எல்.கே.ஜி. படித்த சான்றை எந்தச் சட்டமும் கேட்பதில்லை.

இப்படிக்கு,
உன் பெரியப்பா