காது எங்கே?
மழலையர் உடலுறுப்புகளின் பெயர்களைக் கற்கும் விதம்

முன்னுரை

"எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்" என்பது நம் முன்னோர் வாக்கு. அந்தச் சிரசிலே கண் எது, மூக்கு எது, காது எது என்பதை நாம் எப்போது கற்றோம்? யாரிடம் கேட்டாலும், "நினைவில்லையே" என்றுதான் விடை வரும். நினைவு தோன்றுமுன்னரே கற்று முடித்த பாடம் அது. அதற்குப் புத்தகம் இல்லை, கரும்பலகை இல்லை, தேர்வும் இல்லை.

கோடை விடுமுறைக்கு முன் எங்கள் அறிவியல் ஆசிரியை, "உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள ஒரு சிறு குழந்தையைக் கவனித்து எழுதி வாருங்கள்" என்றார். எங்கள் வகுப்பில் பெரம்பலூர்ப் பக்கத்தவரும் உண்டு, அரியலூர்ப் பக்கத்தவரும் உண்டு. ஆளுக்கொரு குழந்தையைத் தேர்ந்துகொண்டோம். நாங்கள் கண்டதையும், பின்னர்ப் படித்தறிந்ததையும் சேர்த்து இக்கட்டுரையை எழுதுகிறோம்.

ஓர் இரவின் அழுகை

எங்களுள் ஒருத்தியின் அக்காள் மகனுக்கு வயது ஒன்றரை. "அம்மா", "பூ", "தா" என்று நாலைந்து சொற்கள் மட்டுமே பேசுவான். ஒரு நாள் இரவு அவன் ஓயாமல் அழுதான். வயிற்று வலி என்று எண்ணிய அப்பாயி ஓமத் தண்ணீர் கொடுத்தார், அழுகை நிற்கவில்லை. தோளில் போட்டு வாசலில் உலாவினார், அப்போதும் நிற்கவில்லை. விடியற்காலையில் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. நாள்தோறும் விளையாடும் விளையாட்டையே, சற்று மாற்றிக் கேட்கத் தொடங்கினார். "கண்ணு வலிக்குதா? வாயி வலிக்குதா? வயிறு வலிக்குதா?" குழந்தை அழுதுகொண்டே இருந்தது. "காது வலிக்குதா?" என்றதும் சட்டெனக் கையைத் தூக்கி வலக் காதைப் பொத்திக்கொண்டது. மருத்துவரிடம் கொண்டு சென்றபோது, காதின் உள்ளே சீழ் பிடித்திருப்பது தெரிந்தது.

அந்தக் குழந்தைக்குக் "காது" என்று சொல்ல வராது. ஆனால் பிறர் சொன்னால் புரியும். பேசும் முன்னரே புரிந்துகொள்ளும் திறம் குழந்தைக்கு வந்துவிடுகிறது என்ற உண்மையை அன்று கண்ணாரக் கண்டோம்.

ஆராய்ச்சியாளர் கண்டது

இவ்வுண்மையை அறிஞர்கள் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ரூத் டின்காஃப், பீட்டர் ஜஸ்சிக் ஆகியோர் ஆறு மாதக் குழந்தைகளுக்குக் கையையும் பாதத்தையும் படக்காட்சியாகக் காட்டி, ஒன்றன் பெயரை ஒலிக்கச் செய்தனர். பெயர் சொன்ன உறுப்பையே குழந்தைகள் கூடுதல் நேரம் நோக்கின. இது 2012ஆம் ஆண்டில் வெளியானது. அதே ஆண்டில் எலிக்கா பெர்கல்சன், டேனியல் சுவிங்லி என்போர் ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகள் உணவுப் பொருள்கள், உடலுறுப்புகள் சிலவற்றின் பெயர்களை அறிந்துள்ளதைக் காட்டினர். தவழத் தொடங்கும் பருவத்திலேயே இந்த அறிவு!

மற்றப் பெயர்களைவிட உடலுறுப்புப் பெயர்கள் இவ்வளவு விரைவில் வருவானேன்? 2015ஆம் ஆண்டில் அமண்டா சைடல் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் இதற்கு ஒரு விடை இருக்கிறது. நான்கு மாதக் குழந்தைகளுக்குப் பொருளற்ற ஒலிகளை இடைவிடாமல் கேட்கச் செய்து, அவற்றுள் ஒரு குறிப்பிட்ட ஒலி வரும்போதெல்லாம் குழந்தையின் முழங்காலையோ முழங்கையையோ தொட்டனர். அந்த ஒலியைக் குழந்தைகள் பிரித்தறிந்தன. தொடுபவர் குழந்தையைத் தொடாமல் தம் முகத்தையே தொட்டுக்கொண்டபோது அவ்வாறு நிகழவில்லை. ஆகவே, காதில் விழும் சொல்லும் உடலில் படும் விரலும் ஒன்றுசேரும்போது பாடம் பதிகிறது.

அப்பாயியின் பாடசாலை

இதைப் படித்தபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. இது நம் அப்பாயிகளும் அம்மாயிகளும் அறியாததா?

நீட்டிய கால்களின் மேல் குழந்தையைப் போட்டுக் குளிப்பாட்டும் காட்சியை எண்ணிப் பாருங்கள். நெற்றியை வழித்து, மூக்கை நீவி, கையைக் காலை இழுத்துவிட்டு, ஒவ்வோர் உறுப்பாகப் பெயர் சொல்லித் தேய்ப்பார்கள். (காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுதல் கூடாது, அதனால் தீங்கு நேரும்.)

பருப்புக் கடையும் விளையாட்டு இன்னும் சிறப்பானது. குழந்தையின் உள்ளங்கை பருப்புச் சட்டியாகும். பாட்டியின் முழங்கை மத்தாகும். கடைந்த பருப்பை விரலுக்கு ஒருவராக வீட்டிலுள்ளோர்க்குப் பங்கிட்டு ஒவ்வொரு விரலாக மடக்குவார்கள். பிறகு நண்டும் நரியும் மணிக்கட்டிலிருந்து மெல்ல மெல்ல மேலே ஊர்ந்து வரும். அக்குளை எட்டியதும் கிச்சுகிச்சு! உள்ளங்கை, விரல், மணிக்கட்டு, முழங்கை, அக்குள் என்று கை முழுவதும் ஒரே ஆட்டத்தில் பாடமாகிவிடுகிறது.

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்களும் குழந்தையின் உடல் வளர்ச்சியைக் கூர்ந்து நோக்கியவர்களே. அதன் பத்துப் பருவங்களுள் "தால்" என்பது நாவைக் குறிக்கும் சொல். "சப்பாணி" என்பது கைகொட்டி ஆடுதல்.

தாய் தந்தையர் சின்ன வெங்காயக் காட்டுக்கும் பருத்திக் காட்டுக்கும் வேலைக்குச் செல்லும் எங்கள் ஊர்களில், இப்பாடத்தின் ஒரு பகுதியை அங்கன்வாடி நடத்துகிறது. 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் இவை இயங்குகின்றன. அங்கே ஆசிரியை பாடிக்கொண்டே தம் தலையைத் தொட, வட்டமாக அமர்ந்த பிள்ளைகளும் தம் தலையைத் தொட்டதை நாங்கள் கண்டோம்.

முதலில் எது? பின்னர் எது?

நாங்கள் கவனித்த குழந்தைகள் பெரும்பாலும் கண், மூக்கு, வாய், கை, கால் ஆகியவற்றையே முதலில் காட்டின. முதுகு, பிடரி, கணுக்கால் முதலியவை எளிதில் வரவில்லை. தன் மூக்கைக் குழந்தை பார்க்க முடியாதல்லவா? ஆகையால் அம்மாவின் மூக்கைப் பிடித்துக் காட்டிவிட்டு, பிறகே தன் மூக்குக்கு வந்தது. ஒரு குழந்தை "மூக்கு" என்பதை "ஊக்கு" என்றது. உடனே அதன் பாட்டி, "ஊக்கு என் தாலிக்கயித்துல இருக்குடா" என்றார்!

1972ஆம் ஆண்டில் பியூலா ஆம்ஸ்டர்டாம் என்னும் அறிஞர், குழந்தைகளின் மூக்கில் சிவப்புப் புள்ளி இட்டுக் கண்ணாடி முன் அமர்த்தினார். நாங்களும் சாந்துப் பொட்டு வைத்துச் செய்து பார்த்தோம். பதினோரு மாதக் குழந்தை கண்ணாடியைத் தட்டிச் சிரித்தது. இரண்டு வயதுக் குழந்தையோ தன் மூக்கையே தடவிப் பார்த்தது. "அது நான்" என்ற அறிவு ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு வயதுக்குள் மலர்வதாக நூல்கள் கூறுகின்றன.

தமிழ்க் குழந்தைக்கு ஒரு வசதி உண்டு. தோள் முதல் விரல் நுனி வரை "கை"; இடுப்பின் கீழே பாதம் வரை "கால்". முதலில் முழுமையைக் கற்கிறது. பின்பு உள்ளங்கை, புறங்கை, முழங்கை என்றும், முழங்கால், கணுக்கால், குதிகால் என்றும் அதிலிருந்தே பகுதிகள் கிளைக்கின்றன. ஆங்கிலத்திலோ கைக்கு "ஹாண்ட்", "ஆர்ம்" என இரு பெயர்கள். கைவிரலுக்கு ஒரு சொல், கால்விரலுக்கு வேறொரு சொல். எல்.கே.ஜி. வகுப்பில் சிஸ்டர் "ஆர்ம்" எங்கே என்று கேட்க, நாங்கள் உள்ளங்கையை நீட்டியது இன்னும் நினைவிருக்கிறது.

உடலில் கற்ற சொற்களைக் கொண்டே குழந்தை உலகையும் அறிகிறது. ஊசிக்குக் காது, சீப்புக்குப் பல், குடத்திற்கு வாய், கட்டிலுக்குக் கால், தேங்காய்க்குக் கண், மாங்காய்க்கு மூக்கு!

பெயர் சொல்லாது விடும் உறுப்புகள்

இதை எழுதலாமா என்று தயங்கினோம். "அவசியம் எழுதுங்கள்" என்று சிஸ்டர் ஊக்கமூட்டினார்கள். தலை முதல் கால் வரை பெயர் சொல்லிக் குளிப்பாட்டும் நாம், சில இடங்களுக்கு மட்டும் பெயர் சொல்வதில்லை. "ச்சீ" என்று கூறிக் கையைத் தட்டிவிடுகிறோம். பெயர் தெரியாத இடத்தில் புண் வந்தாலோ, யாரேனும் தவறாகத் தொட்டாலோ அக்குழந்தை எப்படிச் சொல்லும்? காது என்ற சொல் புரிந்ததால் அன்று ஒரு குழந்தையின் வலி வெளிப்பட்டது. எல்லா உறுப்புக்கும் அந்த நீதி வேண்டாமா?

மறைவான உறுப்புகளுக்கும் நாகரிகமான பெயரைச் சொல்லிக் கொடுத்து, "இவை உனக்கு மட்டும் உரியவை, யாராவது தொட்டால் அம்மாவிடம் சொல்" என்று கற்பிப்பது பெற்றோர் கடமை. குழந்தைகளைக் காக்க 2012ஆம் ஆண்டில் போக்சோ சட்டம் இயற்றப்பட்டது. 1098 என்ற உதவி எண்ணும் உண்டு. ஆனால் சட்டத்தின் வாசலுக்குக் குழந்தையை அழைத்துச் செல்வது அதன் வாய்ச்சொல்லே.

நாம் செய்யத்தக்கவை

தோழியரே! தம்பி தங்கையரை வளர்ப்பதில் நமக்கும் பங்குண்டு.

1. குளிப்பாட்டும்போதும் உடை மாற்றும்போதும் உறுப்பைத் தொட்டுப் பெயர் சொல்லுங்கள்.

2. பதில் வராவிட்டாலும் கேளுங்கள். புரிதல் முந்தும், பேச்சு பிந்தும்.

3. அழும் குழந்தைக்குக் கைப்பேசியைக் கொடுத்து அடக்காதீர்கள். அதிலுள்ள பாட்டு மூக்கைக் காட்டலாம், தொட முடியாது. ஒரு வயது வரையுள்ள குழந்தைகளுக்குத் திரை வேண்டாம் என்றும், இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாதென்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது.

4. இரண்டு வயதில், கேட்டால் இரண்டு உறுப்புகளையாவது குழந்தை சுட்டிக்காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அஞ்ச வேண்டாம். ஆனால் வாளாவிருக்கவும் வேண்டாம். கிராம சுகாதார செவிலியரிடமோ மருத்துவரிடமோ காட்டுங்கள். காது கேளாமையை எவ்வளவு விரைவில் அறிகிறோமோ அவ்வளவுக்கு நன்மை.

முடிவுரை

அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் வாழ்ந்து தமிழ்த்தொண்டு செய்த வீரமாமுனிவர், வளர்ந்தபின் நம் மொழியைக் கற்று 1732ஆம் ஆண்டில் சதுரகராதியை உருவாக்கினார். அது பேரறிஞரின் உழைப்பு. ஆனால் ஒவ்வொரு குழந்தையின் முதல் அகராதியும் அதன் உடலிலேயே இருக்கிறது. அதைத் தொட்டுத் தொட்டு எழுதுபவர்கள் வீட்டிலுள்ளவர்களே.

அந்த அகராதியில் ஒரு பக்கத்தையும் வெறுமையாய் விடலாகாது. இன்று மாலை வீடு திரும்பியதும், மடியில் வந்து அமரும் குழந்தையிடம் நாமும் கேட்போமாக: "காது எங்கே?"