மெம்பிரேன் மாற்றியும் உப்பு இறங்கவில்லையா?

கேள்வி: எங்கள் வீட்டு போர் தண்ணீரில் டி.டி.எஸ். 1,200. டிஸ்கஸ் மீன் தொட்டிக்கென்றே குடிநீர் ஆர்.ஓ. மெஷின் ஒன்றைத் தனியாக வாங்கி வைத்தேன். ஆரம்பத்தில் 60 காட்டியது. இரண்டு மாதத்துக்கு முன் சர்வீஸ் செய்து, ஃபில்டர், மெம்பிரேன் எல்லாம் புதிதாக மாற்றினோம். அன்றிலிருந்து 220க்குக் கீழே இறங்கவே இல்லை. மெம்பிரேன் சரியில்லை, வேறு போடுங்கள் என்கிறார் மெக்கானிக். மீன்கள் கறுத்துப்போய் மூலையில் ஒதுங்கி நிற்கின்றன, தீனி எடுப்பதில்லை. என்ன செய்யட்டும்?
- வாசகி, மடிப்பாக்கம், சென்னை

பதில்: இப்போதைக்கு இன்னொரு மெம்பிரேன் வாங்காதீர்கள், அம்மா. நல்ல மெம்பிரேன் உப்பில் 95 சதவீதத்தைத் தடுக்கும். 1,200இல் 5 சதவீதம் 60. உங்களுக்கு முன்பு வந்ததும் அதுதான். தேய்ந்துபோகும் மெம்பிரேனில் இந்த எண் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறும். சர்வீஸ் முடிந்த அன்றே 60 போய் 220 வந்தது என்றால், அன்று கைபட்ட இடத்தில்தான் தேட வேண்டும்.

என் முதல் சந்தேகம் டி.டி.எஸ். கன்ட்ரோலர் மேல். குடிநீர் மெஷின் பலவற்றில் திருகு வைத்த சின்ன பிளாஸ்டிக் வால்வு ஒன்று இருக்கும். மெம்பிரேனுக்குள் போகாத தண்ணீரில் கொஞ்சத்தை எடுத்து, சுத்தமான தண்ணீரோடு அது கலந்துவிடும். குடிக்கிறவர்களுக்கு ருசி வேண்டும் என்று வைத்த ஏற்பாடு. சர்வீஸுக்கு வருகிறவர் குடிதண்ணீர் என்று நினைத்து வழக்கம்போலத் திறந்து விட்டிருப்பார். கணக்கும் பொருந்துகிறது: ஆறு பங்கு 60 டி.டி.எஸ். தண்ணீரோடு ஒரு பங்கு போர் தண்ணீர் கலந்தால் ஏறக்குறைய 220 வரும்.

சோதிப்பது எளிது. மின்சாரத்தை நிறுத்தி, குழாயையும் மூடுங்கள். மெம்பிரேனிலிருந்து நல்ல தண்ணீர் வெளியே வரும் டியூபை, மற்ற எதோடும் சேருவதற்கு முன் கழற்றி ஒரு பாத்திரத்தில் விடுங்கள். மெஷினை ஓட்டி, முதல் பத்து நிமிடத் தண்ணீரைக் கொட்டிவிட்டு அளந்து பாருங்கள். மெஷின் சும்மா நிற்கும்போது மெம்பிரேனின் உப்புப் பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு உப்பு ஊறிவிடும். அதனால் முதலில் வரும் தண்ணீரில் எப்போதும் உப்பு கூடுதலாக இருக்கும். தொட்டிக்குப் பிடிக்கும்போதும் அதைத் தள்ளிவிடுங்கள்.

இங்கே 60க்குப் பக்கத்தில் காட்டினால் மெம்பிரேன் நன்றாக இருக்கிறது. வால்வை முழுக்க மூடிவிட்டால் போதும். இங்கேயும் 220 என்றால் ஹவுசிங்கைத் திறந்து மெம்பிரேனை வெளியே எடுங்கள். அதன் ஒரு நுனியில் இரண்டு சின்ன ஓ-ரிங் இருக்கும். நல்ல தண்ணீரையும் கழிவு நீரையும் பிரித்து நிறுத்துபவை அவை. புது மெம்பிரேனைச் செருகும்போது ஒன்று மடங்கினாலோ நசுங்கினாலோ உப்பு நேராகக் கலந்துவிடும். தண்ணீரில் நனைத்து, கடைசிவரை அழுத்திச் செருகுங்கள். தேங்காய் எண்ணெய், வாசலின் எதுவும் தடவ வேண்டாம், ரப்பர் கெட்டுவிடும். அதிலும் சரியாகவில்லை என்றால் பம்பின் அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் வரத்து குறையும், உப்பும் கூடும்.

இன்னொன்று, இதை அவசியம் பாருங்கள். சர்வீஸில் காப்பர் கார்ட்ரிட்ஜ் ஏதாவது புதிதாகச் சேர்த்திருக்கிறார்களா? இருந்தால் இன்றே கழற்றிவிடுங்கள். நமக்கு நல்லது என்று விற்கப்படும் தாமிரம் மீனுக்கு விஷம். உப்பு குறைந்த மென்னீரில் அதன் கடுமை இன்னும் கூடும். மினரல் கார்ட்ரிட்ஜும் தொட்டிக்குத் தேவையில்லை.

இனி மீன்கள். பண்ணையில் வளர்ந்த டிஸ்கஸை 220 டி.டி.எஸ். இந்த நிலைக்குக் கொண்டுவராது. கறுப்பதும் ஒதுங்குவதும் தீனியை விடுவதும் வேறு தொல்லையைக் காட்டுகின்றன. தாமிரம் இல்லை என்று உறுதியானதும், டெஸ்ட் கிட் வாங்கி அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் பாருங்கள். இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். தண்ணீர் 28 முதல் 30 டிகிரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மெஷின் சரியான சந்தோஷத்தில் தொட்டித் தண்ணீரை ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள். உப்பு சட்டென்று இறங்கினால் மீனின் உடம்பு தாங்காது. நாளுக்குப் பத்தில் ஒரு பங்கு போதும். வெறும் ஆர்.ஓ. தண்ணீரை மட்டுமே ஊற்றிக்கொண்டு போகவும் கூடாது. ஃபில்டரில் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா தண்ணீரின் காரத்தன்மையைத் தின்றுகொண்டே இருக்கும்; அது தீர்ந்தால் பி.எச். ஒரே இரவில் சரியலாம். அதனால் பத்து லிட்டர் ஆர்.ஓ. தண்ணீருக்கு ஒரு லிட்டர் போர் தண்ணீர் சேருங்கள், 165 வாக்கில் வரும். வால்வு உங்களைக் கேட்காமல் செய்த வேலைதான் இதுவும். ஆனால் வாளியில் நீங்களே அளந்து கலந்தால் ஒவ்வொரு முறையும் அளவு மாறாது. கோடையில் போர் தண்ணீரின் உப்பு ஏறக்கூடும். அதையும் அளந்து பார்த்துக் கலவையைக் குறைத்துக்கொள்ளலாம்.

கேன் தண்ணீர் வேண்டாம். அதில் என்ன சேர்த்திருக்கிறார்கள், எவ்வளவு உப்பு இருக்கிறது என்பது கேனுக்குக் கேன் மாறும்.