குட்டியைக் காட்டும் முன் வீட்டைப் பார்



கிழக்குக் கடற்கரைச் சாலையில் பண்ணை வீடு வைத்திருப்பவர் செங்கல்பட்டுக்குக் குட்டி வாங்க வந்தால், காரை விட்டு இறங்கியதும் கேட்பது பெரும்பாலும் இதுதான்: “இதுல எது நல்லா கடிக்கும்?” கேளம்பாக்கம் அடுக்குமாடியிலிருந்து வரும் இளம் தம்பதி, “எது குரைக்காம இருக்கும்?” என்பார்கள். ஒரே ஈற்றுக் குட்டிகளைக் காட்டி இருவருக்கும் தலையாட்டி விற்றுவிடும் ப்ரீடர்கள் இருக்கிறார்கள். தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீ அப்படி ஆகிவிடக் கூடாது.

குட்டியின் குணத்தைப் பார்க்கப் பல நாடுகளில் பயன்படுவது அமெரிக்காவின் வோல்ஹார்ட் தம்பதி வகுத்த சோதனை. பிறந்த 49ஆம் நாள், குட்டி அதுவரை பார்த்திராத இடத்தில், அதற்குப் பழக்கமில்லாத ஒருவர், ஒவ்வொரு குட்டியாகத் தனியே எடுத்துப் பார்க்க வேண்டும். கூப்பிட்டால் வருகிறதா, நடந்தால் பின்தொடர்கிறதா, கசக்கிப் போட்ட காகித உருண்டையைக் கவ்வி வருகிறதா, முன்கால் விரலிடுக்குத் தோலை மெல்ல அழுத்தினால் எவ்வளவு பொறுக்கிறது, கரண்டியால் பாத்திரத்தைத் தட்டினால் என்ன செய்கிறது என்பது போல மொத்தம் பத்துச் சோதனைகள்.

சோதனையைச் செய். ஆனால் மதிப்பெண்ணை ஜாதகம் போல் நம்பிவிடாதே. ஸ்வீடனில் எட்டு வாரக் குட்டிகளாக இருந்த 630 ஜெர்மன் ஷெப்பர்டுகளைச் சோதித்து, வளர்ந்தபின் அவற்றின் குணத்தோடு ஒப்பிட்டார்கள். எது நல்ல பணி நாயாகும் என்பதைக் குட்டிப் பருவச் சோதனை சொல்லவில்லை என்று 1998இல் முடிவு வந்தது. வியன்னாவில் பார்டர் கோலிகளைப் பிறந்த சில நாளிலும், ஆறேழு வாரத்திலும், ஒன்றரை இரண்டு வயதிலும் பார்த்த 2014ஆம் ஆண்டு ஆய்வில், குட்டிப் பருவத்திலிருந்து கடைசிவரை மாறாமல் வந்தது புதிய இடத்தைச் சுற்றிப் பார்க்கும் துடிப்பு ஒன்றுதான்.

பிறகு எதற்குச் சோதனை? அன்றைய குட்டியை அன்று அறிய. தட்டு விழுந்த சத்தத்தில் எல்லாக் குட்டியும் திடுக்கிடும். ஒன்று சில நொடியில் தட்டை மோந்து பார்க்க வந்துவிடும். இன்னொன்று மூலையிலேயே ஒடுங்கிக் கிடக்கும். தேறி வரும் அந்த நேரத்தைத்தான் நீ குறித்துக்கொள்ள வேண்டும். ராஜபாளையம் குட்டியென்றால் காதையும் பார். உடல் முழுதும் வெள்ளையாக, மூக்கு இளஞ்சிவப்பாக இருக்கும் அந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு. கூட்டத்தில் இருக்கும்போது செவிட்டுக் குட்டியைக் கண்டுபிடிக்க முடியாது. உடன்பிறப்புகள் எழுந்தால் அதுவும் எழுந்து ஓடும். தனியே தூங்கும்போது, காற்றும் அதிர்வும் படாமல், பின்னாலிருந்து கை தட்டிப் பார்.

குட்டியைவிடத் தாய் அதிகம் சொல்லும். அந்நியர் வந்தால் தாய் எப்படி நடந்துகொள்கிறது என்று வாங்குபவர் கண்ணால் பார்க்கட்டும். தாயைக் காட்டத் தயங்கும் இடத்தில் நீயும் குட்டி எடுக்காதே.

அடுத்தது வளர்ப்பு. அமெரிக்காவின் பார் ஹார்பரில் ஸ்காட்டும் ஃபுல்லரும் பல ஆண்டுகள் ஆய்ந்து 1965இல் நூலாக வெளியிட்டது இன்றும் நிற்கிறது: மூன்றாவது வாரம் முதல் பன்னிரண்டாவது வாரம் வரை குட்டி எதைப் பழகுகிறதோ, அதுவே அதற்கு உலகம். மனித வாடையே இல்லாமல் 14 வாரம் வளர்ந்த குட்டிகள் காட்டு விலங்கு போல மிரண்டன. சட்டப்படி எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக் கூடாது. 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் அப்படிச் சொல்கின்றன. ஆகவே அந்தக் காலத்தின் முதல் பாதி உன் பொறுப்பு. பார்வோ வைரஸ் தொற்றும் பயத்தால் குட்டியைத் தரையில் விட முடியாது என்பது சரிதான். தூக்கிக்கொண்டு போ. செங்கல்பட்டு ரயில் நிலையத்தின் இரைச்சல், மாமல்லபுரம் சிற்பக் கூடங்களில் உளியும் கிரைண்டரும் போடும் சத்தம், ஹெல்மெட் போட்டவர், தடி ஊன்றிய பாட்டி எல்லாவற்றையும் உன் கைக்குள் பத்திரமாக இருந்து அது பார்க்கட்டும். தீபாவளிக்குக் கட்டிலுக்கடியில் நடுங்கும் நாய்கள் பலவும் இந்த வாரங்களில் எதையும் கேட்காமல் வளர்ந்தவை.

இனிமேல்தான் கடினமான பகுதி: வாங்குபவரைச் சோதிப்பது. பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? குழந்தைக்கு என்ன வயது? காலையில் யார் நடத்திச் செல்வார்? சிப்பிப்பாறை முயல் துரத்தப் பிறந்த நாய். ஏழாவது மாடி பால்கனியில் அது அடங்காது. மதுராந்தகம் பக்கம் வேலி போட்ட தோப்புக்காரர் கேட்டால் மனமாரக் கொடு. ஒடுங்கி நிற்கும் குட்டியைச் சின்னக் குழந்தைகள் ஓடியாடும் வீட்டுக்கு அனுப்பாதே. பொறுமையான வயதான தம்பதியிடம் அது தேறும். கடற்கரையோர வீட்டுக்காரரிடம் ஒன்று தவறாமல் சொல்: ஜனவரி முதல் ஏப்ரல் வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடும், சங்கிலி இல்லாத நாய் குழியைத் தோண்டிவிடும்.

“நல்லா கடிக்கும்” குட்டி கேட்டவருக்கு என்ன பதில்? 2024 மார்ச்சில் ராட்வீலர் உள்ளிட்ட 23 இனங்களைத் தடை செய்யச் சொல்லி ஒன்றிய அரசு சுற்றறிக்கை அனுப்பியது; ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பூங்காவில் இரண்டு ராட்வீலர்கள் காவலாளியின் ஐந்து வயது மகளைக் குதறின. இனத்தைப் பற்றி ஊரே விவாதித்தது. எந்த நாயை யார் கையில், எதற்காகக் கொடுத்தார்கள் என்ற கேள்வியை விற்பவர்தான் கேட்டிருக்க முடியும். பண்ணை வீட்டுக்குத் தேவை, அந்நியரைக் கண்டால் குரல் கொடுத்து, உரிமையாளர் சொன்னால் அடங்கும் தைரியமான நாய். பகல் முழுதும் கட்டிப்போட்டுக் கோபம் ஏற்றத்தான் கேட்கிறார் என்று தெரிந்தால், பணம் எவ்வளவானாலும் இல்லை என்று சொல்லிவிடு.

கொடுக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடு: ஒத்துவராவிட்டால் எந்த வயதிலும் உன்னிடமே திருப்பித் தரலாம் என்று. முதல் ஆறு மாதம், மாதம் ஒரு முறையாவது போன் செய்து விசாரி.