காரின் பெயருக்கு என்ன விலை?

கார் வாங்க உத்தேசித்திருக்கும் குடும்பத்தில் முதலில் எழுகிற விவாதம் பெரும்பாலும் வண்டியைப் பற்றியதாக இருப்பதில்லை; அதன் முகப்பில் பதித்திருக்கும் முத்திரையைப் பற்றியதாகவே இருக்கிறது. "அந்தக் கம்பெனி வண்டியையா வாங்கப் போகிறீர்கள்?" என்று மாமா முகத்தைச் சுளிக்க, "ஜெர்மன் வண்டியென்றால் அதன் கெத்தே தனி, அப்பா" என்று மகன் பரிந்து பேச, விலையும் சௌகரியமும் பாதுகாப்பும் பேச்சுக்கு வருவதற்கு முன்பே பாதித் தீர்மானம் ஆகிவிடுகிறது. பெயரின் கௌரவத்தை அறவே புறக்கணிக்க வேண்டும் என்று உபதேசிப்பது என் நோக்கமன்று. அந்தக் கௌரவத்துக்குள் நாம் பரீட்சித்துப் பார்க்கக்கூடிய குணங்கள் எவையெவை, அவற்றைக் கழித்தபின் மிஞ்சி நிற்கும் வெறும் பெருமை எவ்வளவு, அந்தப் பெருமைக்கென்று நம் கையிலிருந்து போகும் ரொக்கம் எவ்வளவு என்பதைக் கணக்கிட்டு அறியும் முறையைப் படிப்படியாகச் சொல்வதே இக்கட்டுரையின் உத்தேசம்.

முதற்காரியமாக, எந்த ஷோரூம் வாசலையும் மிதிப்பதற்கு முன், ஒரு நோட்டுப் புத்தகத்தில் உங்கள் தேவையை எழுதிக்கொள்ளுங்கள். அதில் எந்தக் கம்பெனியின் பெயரும் வரலாகாது. நித்தியம் எத்தனை பேர் ஏறுவார்கள், மாதத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும், முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் வீட்டில் உண்டா, வண்டி நிறுத்தும் இடத்தின் நீள அகலம் என்ன, கையில் உள்ள பணம் எவ்வளவு என்ற ஐந்துக்கும் பதில் எழுதினால் போதும். இந்தப் பக்கத்தை எழுதாமல் ஷோரூமுக்குப் போகிறவர், அங்கே இருக்கிற வண்டிக்கு ஏற்பத் தம் தேவையை மாற்றிக்கொண்டு திரும்புவதே உலக வழக்கமாக இருக்கிறது.

அடுத்த படி, உங்கள் மனத்தில் இருக்கும் வண்டிக்கு வேறு பெயரில் உடன்பிறப்பு உண்டா என்று விசாரிப்பது. இது சற்று விஸ்தாரமாகச் சொல்ல வேண்டிய விஷயம். 2019-ஆம் ஆண்டில் டொயோட்டா கிளான்ஸா என்ற பெயரில் விற்பனைக்கு வந்த வண்டி, சுசுகியின் தொழிற்சாலையிலேயே தயாரான மாருதி பலேனோதான். எஞ்சினும் கியர்பாக்ஸும் உடற்கூடும் ஒன்றே, முகப்பின் முத்திரையும் சில அலங்காரங்களும் மட்டுமே வேறு. இதற்கு நேர்மாறாக, 2022-இல் மாருதியின் பெயர் தாங்கி வந்த கிராண்ட் விட்டாரா, கர்நாடகத்தின் பிடதியில் உள்ள டொயோட்டாவின் ஆலையில், அர்பன் க்ரூஸர் ஹைரைடருடன் சேர்ந்து பிறந்தது. 2023-இல் வந்த மாருதி இன்விக்டோவோ இன்னோவா ஹைக்ராஸின் மறு உருவம். ஹைக்ராஸுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க ஜனங்கள் சித்தமாயிருந்தபோது, அதே வண்டியான இன்விக்டோ விற்பனையில் வெகு தூரம் பின்தங்கி நின்றது. ஸ்கோடா ஸ்லாவியாவும் ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸும், ஒரு காலத்தில் நம் ஒரகடத்திலேயே தயாரான ரெனோ டஸ்டரும் நிஸான் டெரானோவும் இத்தகைய ஜோடிகளே.

இது நேற்று முளைத்த தந்திரமும் அன்று. நம் பெரியவர்கள் சுதேசி வண்டி என்று பெருமையோடு ஏறிய அம்பாஸிடர், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வேறு பெயர் சூட்டிக்கொண்டு வந்ததுதான். பிரீமியர் பத்மினியும் அதற்குமுன் ஃபியட் 1100 ஆகவே இருந்தது.

ஆகவே, உங்கள் உத்தேச வண்டிக்கு உடன்பிறப்பு இருக்குமானால், இரண்டு ஷோரூம்களுக்கும் ஒரே நாளில் போய், ஒரே வசதிகளுள்ள வேரியன்டுக்கு ஆன்-ரோடு விலை எழுதி வாங்குங்கள். விலையோடு காத்திருக்கும் காலம், தள்ளுபடி, வாரண்டி ஆகிய மூன்றையும் கேளுங்கள். பெயரின் வேற்றுமை உண்மையாகவே பிரயோஜனம் தரும் இடம் சில சமயம் இங்கே தென்படும்: கிளான்ஸா வந்த காலத்தில் டொயோட்டா மூன்று ஆண்டு அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர் வாரண்டி கொடுத்தது, அதே வண்டியைப் பலேனோ என்று வாங்கியவருக்கோ இரண்டு ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர்தான். 2024-இல்தான் மாருதியும் தன் வாரண்டியை மூன்று ஆண்டாக உயர்த்தியது. இத்தகைய வித்தியாசத்துக்குப் பணம் கொடுப்பது கௌரவத்துக்குக் கொடுப்பதாகாது.

முழு வண்டி ஒன்றாக இல்லாவிடினும் அதன் இருதயம் ஒன்றாக இருக்கலாம் என்பதையும் மறக்கலாகாது. ஃபியட்டின் 1.3 லிட்டர் டீசல் எஞ்சின் ஃபியட் புன்டோவில் இருந்தது. மாருதி ஸ்விஃப்டிலும் டிசையரிலும் இருந்தது. டாட்டா இண்டிகா விஸ்டாவிலும் இருந்தது. அதை உருவாக்கிய ஃபியட்டின் வண்டிகள் விலை போகாமல் நிற்க, அதே எஞ்சினைப் பூட்டிய ஸ்விஃப்ட் ஊரெல்லாம் ஓடிற்று. புன்டோவைக் கண்டு தயங்கியவர்கள் எஞ்சினைப் பற்றித் தயங்கவில்லை. நாளைக்குப் பழுது பார்க்க யார் இருக்கிறார்கள் என்றுதான் தயங்கினார்கள். அந்தத் தயக்கம் நியாயமானதே.

மூன்றாவதாக, அந்தப் பெயர் உழைத்துச் சம்பாதித்த பிரசித்தியா, விளம்பரம் வாங்கித் தந்த பிரசித்தியா என்று பாருங்கள். இதை அறிவதற்கு என் அபிப்பிராயத்தில் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் உள்ள டாக்ஸி ஸ்டாண்டைக் காட்டிலும் சிறந்த இடம் இல்லை. 2000-இல் வந்த குவாலிஸும், 2005-இல் அதன் இடத்தைப் பிடித்த இன்னோவாவும் பெயர் பெற்றது பெரும்பாலும் அங்கேதான். டிரைவருக்குக் கௌரவம் சோறு போடாது, கிலோமீட்டருக்கு என்ன செலவு, வருஷத்தில் எத்தனை நாள் ஒர்க் ஷாப்பில் நிற்கிறது என்பதே அவருக்குக் கணக்கு. "அண்ணே, இந்த வண்டியில் அடிக்கடி எது போகும்?" என்று ஒரு டீ சாப்பிடுகிற நேரம் கேட்டால், ஷோரூமில் ஒரு நாள் முழுதும் உட்கார்ந்தாலும் கிடைக்காத விவரம் கிடைக்கும்.

நான்காவது, பாதுகாப்பு. இங்கே பெயரை நம்பி இருந்துவிடுவது அபாயம். 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு இந்தியாவில் விற்பனையான சில சிறு கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுப் பரிசோதித்தபோது, ஆல்டோ 800, நானோ ஆகியவற்றுடன் ஃபோக்ஸ்வாகன் போலோவும் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் பூஜ்ய நட்சத்திரமே பெற்றது. காரணம், பரிசோதித்த வேரியன்டில் ஏர்பேக் இல்லை. பிறகு அந்தக் கம்பெனி ஏர்பேக் இல்லாத போலோவை நிறுத்திவிட்டு, இரண்டு ஏர்பேக் வைத்துப் பரிசோதனைக்கு அனுப்பியபோது அதே போலோ நான்கு நட்சத்திரம் பெற்றது. முத்திரை இரண்டு தடவையும் ஒன்றேதான்! நாலு வருஷம் கழித்து, 2018-இல், ஐந்து நட்சத்திரம் பெற்ற முதல் இந்தியத் தயாரிப்பு டாட்டா நெக்ஸான். ஆகையால் கம்பெனியின் பெயரை விட்டுவிட்டு, நீங்கள் வாங்கப் போகும் அந்தக் குறிப்பிட்ட மாடல், அந்த வேரியன்ட் என்ன மதிப்பெண் பெற்றது என்று கேளுங்கள். 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்ற நம் நாட்டுப் பரிசோதனையே நடைமுறையில் இருக்கிறது. எத்தனை ஏர்பேக், வண்டி சறுக்காமல் காக்கும் இ.எஸ்.சி. உண்டா, பின் ஸீட்டில் மூவருக்கும் முழு பெல்ட் உண்டா என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் பெறுவது உத்தமம்.

ஐந்தாவது படியை அநேகமாக எவரும் செய்வதில்லை. ஆனால் நான் இதற்கே அதிக மதிப்புக் கொடுப்பேன். விற்பனைக் கூடத்தை விட்டுவிட்டு, அதே கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போய், ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்டரில் ஆறு சாமான்களின் விலையைக் குறித்துக்கொள்ளுங்கள்: முன் பம்பர், ஒரு ஹெட்லைட், முன் கண்ணாடி, பக்கக் கண்ணாடி, கிளட்ச் செட், முன் பிரேக் பேட். முற்காலத்தில் விளக்கு எரியாவிட்டால் பல்பை மாற்றினால் தீர்ந்தது. இப்போது பல வண்டிகளில் எல்.இ.டி. விளக்கு ஒரே கூடாக வருவதால், ஒரு மூலை கெட்டாலும் முழு ஹெட்லைட்டையே மாற்ற நேரிடும். பக்கக் கண்ணாடிக்குள் மோட்டாரும் சிக்னல் விளக்கும், சிலவற்றில் காமிராவும் புகுந்துவிட்டன. தெருமுனையில் ஒரு ஷேர் ஆட்டோ உரசிவிட்டுப் போனால் அதன் விலை என்னவென்று முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. சாமான் ஸ்டாக்கில் உண்டா, ஆர்டர் போட்டு எத்தனை நாளில் வரும் என்றும் கேளுங்கள். பிறகு வெளியே வந்து, சர்வீஸுக்கு வண்டி கொண்டுவந்திருக்கும் இரண்டு சொந்தக்காரர்களிடம் கடைசிப் பில்லில் லேபர் சார்ஜ் எவ்வளவு என்று விசாரியுங்கள். இந்த சர்வீஸ் சென்டர் உங்கள் ஊரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்குமானால், எத்தனை பெரிய பெயரானாலும் யோசனை செய்ய வேண்டியதுதான்.

ஆறாவது, அந்தக் கம்பெனி நம் நாட்டில் நிலைத்து நிற்குமா என்பது. உலகப் பிரசித்தி இதற்கு உத்தரவாதமாவதில்லை. செவர்லே 2017-இன் இறுதியில் இந்திய விற்பனையை நிறுத்தியது. மறைமலை நகரில் ஆலை வைத்திருந்த ஃபோர்டு, 2021 செப்டம்பரில் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. ஒரகடத்தில் தயாரான டட்ஸன் 2022-இல் விடை பெற்றது. உதிரி பாகங்களும் சர்வீஸும் ஒரு நாளில் மறைந்துவிடவில்லை என்பது உண்மையே; ஆனாலும் இத்தகைய அறிவிப்பு வந்த மறுநாளே செகண்ட் ஹாண்ட் சந்தையில் பேரத்தின் குரல் மாறிவிடும். உங்கள் ஜில்லாவில் அந்தக் கம்பெனிக்கு எத்தனை ஷோரூம் இருக்கிறது, சமீபத்தில் ஏதேனும் மூடப்பட்டதா, தற்சமயம் எத்தனை மாடல் விற்கிறார்கள் என்று பாருங்கள். மூன்று வருஷம் ஓடிய அதே வண்டிக்குப் பழைய கார் வியாபாரி என்ன விலை சொல்கிறார் என்று, விற்க வந்தவர்போல் விசாரித்து நோட்டில் எழுதுங்கள்.

பழைய கார் என்றதும் ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. பெயரின் மயக்கம் மிக அதிகமாகப் பணத்தை விழுங்குவது புது வண்டியில் அன்று. பத்து வயதான ஆடம்பர வண்டியில்தான். புதிதாக 40 லட்சத்துக்கு விற்ற ஒரு செடான், புது ஹேட்ச்பேக் விலைக்குக் கிடைக்கிறது என்றதும் கை துறுதுறுக்கும். வண்டியின் விலை இறங்கிவிட்டதே தவிர, அதன் உதிரி பாகங்களின் விலை இறங்கவில்லை. 40 லட்ச வண்டிக்குரிய ஸஸ்பென்ஷனும் கியர்பாக்ஸும் இன்றும் அதே அந்தஸ்துடன்தான் பில் போடும். அப்படியும் ஆசை விடவில்லையென்றால், கம்பெனி சர்வீஸ் சென்டரின் முழு சர்வீஸ் ரிகார்டு இல்லாத வண்டியைத் தொடாதீர்கள். வெளி மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போய் ஸ்கேன் செய்து பாருங்கள். ஆர்.சி.யில் எத்தனையாவது சொந்தக்காரர், கடன் பாக்கி உண்டா என்று பார்த்துவிட்டு, குனிந்து டயரின் பக்கவாட்டையும் பாருங்கள்: அங்குள்ள நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும், 3221 என்றிருந்தால் 2021-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். "போன வருஷம்தான் ஸார் மாற்றினோம்" என்ற பேச்சின் சத்தியம் அந்த நாலு இலக்கத்தில் வெளிப்பட்டுவிடும்.

ஏழாவது, ஓட்டிப் பார்ப்பது. ஷோரூம்காரர் காட்டுகிற அகன்ற சாலையில் ஓட்டுவதால் ஒன்றும் தெரியாது. உங்கள் தெருவின் வேகத்தடை, உங்கள் வீட்டு வாசல் சரிவு, குடும்பம் முழுவதும் ஏறிய பாரம் ஆகிய மூன்றும் வேண்டும். பின் ஸீட்டில் நீங்களே கால் மணி நேரம் உட்காருங்கள்.

இனிக் கணக்கு. நோட்டில் இரண்டு வண்டிகள் எதிரெதிராக இருக்கும். தேவையைப் பூர்த்தி செய்யும் எளிய பெயருள்ள வண்டி ஒன்று, மனம் விரும்பும் பெரிய பெயருள்ள வண்டி ஒன்று. ஆன்-ரோடு விலையின் வித்தியாசத்தை முதலில் எழுதுங்கள். இதில் நம் மாநில வரியின் படிக்கட்டைக் கவனிக்க வேண்டும்: தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தியபடி, ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரையுள்ள காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம், அதைத் தாண்டினால் இருபது லட்சம் வரை 18 சதவீதம். 9,90,000 ரூபாய் வண்டிக்குச் சுமார் 1,28,700 ரூபாய் வரி; 10,20,000 ரூபாய் வண்டிக்கோ 1,83,600. விலையில் முப்பதாயிரம் கூடினால் கையிலிருந்து போவது 84,900 ஆகிறது. அந்த வித்தியாசத்திலிருந்து வாரண்டியின் லாபம், ஏர்பேக் போன்ற வசதிகளின் மதிப்பு, மூன்று வருஷத்தில் மறுவிலையில் கூடுதலாகத் திரும்பக்கூடிய தொகை ஆகியவற்றைக் கழியுங்கள். உதிரி பாகத்திலும் லேபரிலும் கூடும் செலவைச் சேருங்கள். மிஞ்சுகிற தொகைதான் முத்திரையின் விலை.

அத்தொகை ஒன்றரை லட்சம் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். 9 சதவீத வட்டியில் ஐந்து வருஷக் கடனாக வாங்கினால் மாதம் சுமார் 3,100 ரூபாய். மொத்தத்தில் ஏறக்குறைய 1,86,000 ரூபாய். இதை வீட்டாருக்கு முன் வைத்துப் பேசுங்கள். மாமாவின் முகச்சுளிப்பைத் தவிர்ப்பதற்கு மாதம் 3,100 ரூபாய் கொடுக்கலாம் என்று எல்லோரும் மனமொப்பினால் தாராளமாக வாங்கலாம். பிரியப்பட்டதை வாங்குவதும் ஒரு சௌக்கியமே, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தொகைக்காகக் கடனை ஐந்து வருஷத்திலிருந்து ஏழாக நீட்ட வேண்டியிருந்தாலும், பெரிய பெயரின் பேஸ் மாடலுக்காக ஏர்பேக்கையும் இ.எஸ்.சி.யையும் இழக்க வேண்டியிருந்தாலும், எளிய பெயரின் டாப் மாடலுக்கே அட்வான்ஸ் கட்டிவிடுங்கள்; கட்டும்போது வேரியன்ட், நிறம், டெலிவரித் தேதி மூன்றையும் ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.